ராஜா எதை எடுத்தான்?

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சினிமா பாட்டுப் புத்தகம் உங்களில் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா? மட்டமான தாளில் அச்சடித்து, நடுவில் ஒரே ஒரு பின் குத்தி, டென்ட் கொட்டாய் வாசலில் விற்பார்களே, அதுதான். கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, சரியான இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். இதை என் பேரனிடம் சொன்னபோது, "அது சீட்டிங் பாட்டி" என்றான். அவனுக்கு எந்தப் படமானாலும் முடிவு முதலில் தெரிந்தாக வேண்டும். போனில் முடிவைத் தேடிப் படித்துவிட்டு, அப்புறம்தான் படத்தையே பார்க்கிறான். ஒரு படத்தின் முடிவைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஒருத்தி பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

விக்கிரவாண்டியில் எங்கள் வீடு டிரங்க் ரோட்டை ஒட்டி இருந்தது. டோல்கேட் எல்லாம் வராத காலம். நான் சொல்லப்போவது ஒரு கரும்பு அரவைப் பருவத்தில் நடந்தது. அந்த மாதங்களில் ரோடு பூராவும் மாட்டுவண்டிதான். கரும்பை ஏற்றிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் வண்டியின் பின்னால் ஓடிப்போய் ஆளுக்கொரு கரும்பை உருவிக்கொண்டு வருவோம். வண்டிக்காரர் திட்டுவார், இறங்க மாட்டார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஆலையின் பாகு வாடை வீட்டுக்குள் வந்து துணியில்கூட ஒட்டிக்கொள்ளும். அப்பா வெட்டு ஆட்களோடு வயலிலேயே கிடந்தார். வீட்டில் அம்மா, நான், சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. சித்தப்பாவுக்கு அங்கே ரைஸ் மில்லில் வேலை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கால் வீங்கிவிடும். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் கூட்டிப் போனாள். டாக்டர் சித்தியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அம்மாவிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். வெளியே வந்த அம்மா, "ரெஸ்ட் எடுத்தா சரியாப்பூடுமாம்டி" என்று சொல்லி, சித்தியைத் திண்டிவனத்துக்கு அனுப்பாமல் நேராக எங்கள் வீட்டுக்கு இட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ரெஸ்ட் என்றால் அப்படியொரு ரெஸ்ட். சாப்பாட்டில் உப்பு கிடையாது. கிணற்றடிக்குப் போகக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடியோடு வருவார், சாயங்கால பஸ்ஸுக்கு அம்மா அவரைக் கிளப்பிவிடுவாள். ஒரு நாள்கூடத் தங்க விட்டதில்லை. இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. சாவு என்ற சொல் சித்தியின் காதில் விழக் கூடாது. ரோட்டில் தப்பு அடித்துக்கொண்டு பாடை போனால் அம்மா ஓடிவந்து ரேடியோவை அலற விடுவாள். ரேடியோ அலறினால் யாரோ போய்விட்டார்கள் என்று சித்தி தெரிந்துகொள்வாள். "யாருடி பூட்டது?" என்று என்னிடம் கண்ணாலேயே கேட்பாள். நான் யாரென்று போய்ப் பார்த்துவிட்டு வந்து காதில் சொல்வேன்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது எதிர்வீட்டு அத்தை. படத்தின் பேரை மட்டும் கேட்காதீர்கள். மேலட்டை கிழிந்த புத்தகம் அது. சித்தி 'ராஜா படம்' என்றுதான் சொல்வாள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். கதை இதுதான். ஒரு ராஜா. அவனுக்குச் சாவே வரக் கூடாது. ராணியை அரண்மனையில் விட்டுவிட்டு மலை மலையாக ஏறி ஒரு சித்தரைக் கண்டுபிடிக்கிறான். சித்தர் அவன் முன்னால் இரண்டு பொருளை வைக்கிறார். ஒன்று அமுதம் இருக்கிற கலயம். இன்னொன்று மடித்துக் கட்டிய ஓலை. அவன் சாகப்போகும் நாள் அதில் எழுதியிருக்கிறது. கலயத்தைக் குடித்தால் ஓலை எரிந்துபோகும், சாவு கிடையாது. ஓலையைப் பிரித்தால் கலயம் வற்றிப்போகும், நாள் தெரிந்துவிடும். 'அரசன் எதை எடுத்தான்? ராணியின் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

"இதென்னா சித்தி கேள்வி, கலயத்தத்தான் எடுப்பான்" என்றேன் நான்.

"அப்பிடின்னா ஓலைய எதுக்கு வெச்சாரு அந்த ஆளு?" என்றாள் சித்தி. அன்று முழுக்க அதே யோசனை அவளுக்கு. சாயங்காலம் அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தாள். "அக்கா, கொட்டாய் இங்கதான இருக்குது. வண்டி கட்டிக்கினு போனா ஒரே படம் பாத்துட்டு வந்துடுவேன்."

"கூட்டத்துல மூச்சு முட்டி எதுனா ஆச்சின்னா? பேஜாரு புடிச்ச பேச்சு பேசாத" என்று அம்மா முடித்துவிட்டாள். அதற்குப் பதிலாக என்னை எதிர்வீட்டு அத்தையோடு அனுப்பச் சம்மதித்தாள். கிளம்பும்போது சித்தி என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "கண்ண சிமிட்டாம பாரு. ஒண்ணு வுடாம வந்து சொல்லணும், தூங்கினே தொலைச்சிடுவேன்" என்றாள்.

நம் ஊர்க் கொட்டாய்களுக்குத் தனிப் படப்பெட்டி ஏது? விழுப்புரம் தியேட்டரில் ஓடும் படத்தையே எங்கள் கொட்டாயிலும் ஓட்டுவார்கள். அங்கே ஒரு பெட்டி ஓடி முடிந்ததும் பெட்டிக்காரர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்து வருவார். அடுத்த பெட்டிக்கு மறுபடி ஓடுவார். அன்றைக்கு மணல் தரையில் குந்தி, வறுத்த மல்லாட்டையைத் தோல் உரித்துக் கொறித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். சித்தர் கலயத்தையும் ஓலையையும் வைத்தார். ராஜா கையை நீட்டினான். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கடைசிப் பெட்டி வரவில்லை. கரும்பு வண்டிகளுக்கு நடுவில் பெட்டிக்காரர் மாட்டிக்கொண்டார். விசில் பறந்தது, மணலை வாரித் திரையில் அடித்தார்கள். ஆபரேட்டர் பாவம் என்ன செய்வார், திருப்பி அனுப்பாமல் கையில் வைத்திருந்த வேறு ஏதோ படத்தின் கடைசிப் பெட்டியைத் தூக்கி மாட்டிவிட்டார். விளக்கு அணைந்தது. பேன்ட் சட்டை போட்ட ஒருத்தன் கடற்கரை ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கினான். தாலி கட்டினான். 'வணக்கம்' என்று எழுத்துப் போட்டுப் படத்தை முடித்துவிட்டார்கள்.

 பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "யோவ், யாருய்யா இவன்?" என்றது. இன்னொரு பெரியவர் எழுந்து நின்று, "என்னா யோவ், புரியலியா? குடிச்சிட்டான்! சாவே இல்ல, இன்னி வரைக்கும் இருக்கான். ராஜாவா இருந்தவன் ஒரு காரு வாங்க மாட்டானா?" என்றார். "மூஞ்சி வேற மாதிரி கீதே?" "அத்தினி வருசம் ஆனா மூஞ்சி மாறாதா?" கூட்டத்துக்கு அது சரியென்று பட்டுவிட்டது. எனக்கும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த ராஜா மெட்ராஸில் எங்கோ இப்போதும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சித்தியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பேன்ட் சட்டை வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்து இருமினாள், அம்மா வந்து இருவரையும் திட்டிவிட்டுப் போனாள். மூச்சு அடங்கியதும் கேட்டாள். "ராணி?"

"அந்த ராணி இல்ல சித்தி. தாலி கட்டிக்கினது வேற பொண்ணு."

"அப்ப ராணிக்கு அவன் ஒரு வாய்கூடக் குடுக்கல."

"காட்டல சித்தி."

"காரு வாங்கற காலம் வரைக்கும் எத்தினி பேருக்குத் தாலி கட்டியிருப்பானோ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கும் வயசு கீது" என்றாள். சித்தப்பாவைச் சொல்கிறாள் என்பது மட்டும் புரிந்தது, மற்றது புரியவில்லை.

மறுநாள் பெட்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தது. தெருவில் பாதிப் பேர் உண்மையான முடிவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் பார்த்தது வேறு படத்தின் வால் என்று தெரிந்ததும் சித்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கும் முடிவு காதில் விழுந்தது. அம்மா அடுத்த நாள் மதியத்துக்குள் வீடு வீடாகப் போய், "எந்தங்கச்சி கேட்டா சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம் நடந்த கூத்தைப் பாருங்கள். எதிர்வீட்டு அத்தை, கடைசியில் தூங்கிவிட்டேன் என்றாள். பால்காரம்மாவும் தூங்கிவிட்டாள். தையல்காரர் பீடி குடிக்க வெளியே போய்விட்டாராம். அரவைக் காலத்தில் எங்கள் தெருவே சொல்லிவைத்த மாதிரி அந்தக் கடைசிப் பெட்டியில் தூங்கியிருக்கிறது! என்னிடமும் யாரும் மூச்சு விடவில்லை. நான் சித்தியின் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். வாசலிலேயே அம்மா அவரை மடக்கி ஏதோ சொன்னாள். உள்ளே வந்து சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, "அந்த ராஜா படம் திண்டிவனத்துல நான் பாத்துட்டன். அமுதம் குடிச்சான், ராணிக்கும் குடுத்தான். ரெண்டு பேரும் சாவே இல்லாம ஜம்முனு கீறாங்க" என்றார்.

சித்தி அவரையே பார்த்தாள். "கடைசில ராணி என்னா கலர் சீலை கட்டிக்கினு இருந்தா?"

"பச்சை. நல்ல கிளிப்பச்சை" என்றார் அந்த அப்பாவி மனிதர். கறுப்பு வெள்ளைப் படம் அது! நான் கெக்கலி கொட்டிச் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அவர் நீட்டிய சுளையை வாங்கிக்கொண்டு, "அந்தப் பச்சைல எனக்கும் ஒண்ணு எடுத்தாங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அவள் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "நல்ல முடிவா இருந்தா இவங்க முந்திக்கினு சொல்லியிருப்பாங்க. ஒரு சினிமாவ இத்தினி பேரு சேந்து மறைக்கிறாங்கன்னா, என்னாண்டருந்து வேற என்னாத்த மறைக்கிறாங்க?" பின்னலை இழுத்துக் கட்டினாள், வலித்தது. எனக்கு அழுகை வந்தது, பின்னலுக்காக இல்லை.

படம் மாறுகிற நாள் வந்தது. காலையில் அம்மா வெட்டு ஆட்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருந்தாள். ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பெட்டிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். பின்னால் தகரப் பெட்டி. முந்தின நாள் ஆட்டத்தின் கடைசிப் பெட்டியை விழுப்புரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார். சித்தி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, ராஜா எதை எடுத்தான்?"

அவர் சொம்பை இறக்கிவிட்டுச் சிரித்தார். "யாருக்குமா தெரியும்? இந்தப் பெட்டிய குடுத்துட்டு அந்தப் பெட்டிக்கு ஓடணும். எந்தப் படத்தையும் நான் முழுசாப் பாத்ததில்ல. ரோட்டுலயே என் காலம் பூட்டுது."

"பொட்டியதான் வெச்சிக்கினு கீறீங்களே. தொறந்து பாக்கலாமே."

"ஐயோ, ஓனருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரும்மா" என்றார். ஆனால் கை அதற்குள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தது. அவருக்கும் ஆசை இருக்காதா?

மூடியைத் திறந்ததும் கனிந்த வாழைப்பழ வாசனை குப்பென்று வந்தது. பிலிமை ஒட்டுகிற பசையின் வாசனையாம். ஆபரேட்டர் சுற்றைத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே கொடுத்திருந்ததால் முடிவுதான் மேலே இருந்தது. வீட்டுப் பின்பக்கம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் வேட்டிக்கு முன்னால், வெயிலில் அவர் பிலிமை இழுத்துப் பிடிக்க, சித்தியும் நானும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். முதலில் வணக்கம். அதற்குப் பின்னால் நகத்தளவு நகத்தளவாக ராஜாவும் ராணியும். ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி இருக்கும், கூர்ந்து பார்த்தால் கை கொஞ்சம் நகர்ந்திருக்கும். ராஜா இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ராணி பரிமாறுகிறாள்.

"ராணி கீறா!" என்றாள் சித்தி.

இன்னும் இழுத்தார். அரண்மனை வாசல், குதிரை. இன்னும் இழுத்தார். மலையிலிருந்து இறங்குகிறான், கையில் ஒன்றும் இல்லை. அதற்கும் பின்னால் போனால் கவிழ்ந்து கிடக்கிற கலயம். அதற்கும் பின்னால் ராஜாவின் முகம், முகத்துக்குக் கீழே பிரித்த ஓலை. எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. ராஜாவின் வாய் திறந்திருந்தது. பிலிமின் ஓரத்தில் நடுங்குகிற கோடு ஒன்று ஓடியது. "இதாம்மா பேச்சு. மிசின்ல போட்டாத்தான் கேக்கும்" என்றார் பெட்டிக்காரர். சித்தி அந்தக் கோட்டை விரலால் தொடப் போனாள், அவர் பதறிப்போய், "கைரேகை வுழும்மா" என்றார்.

"எந்த நாள்னு தெரியல" என்றேன் நான்.

"அது அவன் நாளு, நமக்கெதுக்கு? பிரிச்சிட்டான்டி. பிரிச்சிப் படிச்சிட்டு வூட்டுக்கு வந்துட்டான்." அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பெட்டிக்காரர், "அட, சோறு துன்ன வந்துட்டானா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சுற்றிக் கட்டிக்கொண்டு போனார்.

அம்மா வயலிலிருந்து திரும்பி, முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லையில் அரிசி புடைக்க உட்கார்ந்தாள். சித்தி நேராக அவளிடம் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, புதுச்சேரில டாக்டரு என்னா சொன்னாரு?"

"சரியாப்பூடும்னுதான்..."

"அது எனக்குச் சொன்னது. உன்னாண்ட சொன்னது என்னா?"

அம்மா முறத்தை நிறுத்தவில்லை. சித்தி முறத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அம்மா உடைந்தாள். நெஞ்சுக்குள் வால்வு கெட்டுப்போச்சாம், ஆபரேசனுக்கும் தாங்காதாம், ரொம்ப நாள் ஓடாதாம் என்று அரிசியில் கண்ணீர் விழ விழச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சித்தி அழவில்லை. முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"உப்பில்லாத சோறு, சிரிக்கக் கூடாது, அவர தங்க வுடாதது எல்லாம் இதுக்குத்தானா?"

"இன்னும் கொஞ்ச காலம் நீ இருப்பியேன்னுதான்டி, எங்கண்ணு..."

"இருந்து?"

 அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். ஒளித்துவைத்தால் சாவு வீட்டுக்கு வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று நிஜமாகவே நம்பினாள். இப்போது நம் பிள்ளைகளும் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்லம்மா" என்கிறார்கள், கவனித்திருப்பீர்கள்.

"என்னை எங்கூட்டுக்கு அனுப்பு" என்றாள் சித்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு திண்டிவனம் பஸ் ஏறினாள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பெரிய லீவில் நான் அங்கே போயிருந்தேன். மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை, எந்நேரமும் அவித்த நெல் வாசனை. சித்தி மெலிந்திருந்தாள். இரண்டு சொம்புத் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே குழம்பு வைப்பாள், உப்பு போட்டுத்தான். மில் சங்கு ஊதினால் தலையை ஒரு தடவை கோதிக்கொள்வாள். மேட்னி ஷோவுக்கு இருவரும் போவார்கள். பாதியில் மூச்சு முட்டி அவள் எழுந்தால் சித்தப்பாவும் கூடவே எழுந்து வந்துவிடுவார். அந்த வருஷம் அவர்கள் பார்த்த எந்தப் படத்தின் முடிவும் அவர்களுக்குத் தெரியாது. போனால் போகிறது என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் சித்தி போய்விட்டாள். திண்டிவனத்து வீட்டு வாசலில் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரி ஒருத்தி அம்மாவின் காதுபடச் சொன்னாள். "வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். சொன்னதாலதான் மனசு வுட்டுப் பூட்டா. அக்கா வூட்லயே கெடந்திருந்தா இன்னும் ரெண்டு வருசம் இழுத்துக்கினு இருந்திருப்பா."

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்தப்பா திரும்பினார். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"அப்பிடி சொல்லாதீங்க. எங்களுக்குக் கல்யாணமாயி வருசமாச்சின்னு பேரு. நாங்க குடும்பம் பண்ணது இந்தக் கொஞ்ச மாசந்தான். அண்ணி சொல்லலன்னா அதுவும் இல்ல" என்றார்.